ரெமிஷன் என்றார்கள், அடுத்த வாரமே எம்.ஆர்.டி பாசிட்டிவ் என்கிறார்கள்

தம்பிக்கு_அண்ணன் · திங்கள், இரவு 11.20

வணக்கம். பல மாதமாக இங்கே படிக்கிறவன்தான், எழுதுவது முதல் தடவை. என் தம்பிக்கு 34 வயது. பி-செல் ஏ.எல்.எல், அதாவது பி-செல் என்ற வெள்ளணுவில் தொடங்கும் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா, ரத்தப் புற்றுநோய். பிலடெல்பியா குரோமோசோம் என்ற மரபணு மாற்றம் இல்லை என்று ரிப்போர்ட். முதல் கட்ட கீமோ முடிந்ததும் போன் மேரோ (எலும்பு மஜ்ஜை) எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் "ரெமிஷன்", நோய் அடங்கிவிட்டது என்றார். அம்மா அன்றைக்கே பாயசம் வைத்தாள். எட்டாம் நாள் இன்னொரு ரிப்போர்ட் வருகிறது: எம்.ஆர்.டி, அதாவது எஞ்சிய நோய், பாசிட்டிவ், 0.2%.

இப்போது பிளினாட்டுமோமாப் என்று ஒரு ஆன்டிபாடி மருந்தை 28 நாள் இரவு பகலாக ஏற்ற வேண்டும், அது கேட்டால் பிறகு என்னுடைய ஸ்டெம் செல்லை எடுத்து அவனுக்கு வைக்கலாம் என்கிறார். எனக்கும் அவனுக்கும் முழுசாகப் பொருந்துகிறது.

எனக்குப் புரியாதது மூன்று. இரண்டு ரிப்போர்ட்டில் எது உண்மை? நூறில் ஒன்றுகூட இல்லாத 0.2%-க்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு எதற்கு, இன்னும் இரண்டு ரவுண்டு கீமோ போதாதா? மூன்றாவதுதான் தூங்க விடவில்லை. எங்கள் மாமா "இதெல்லாம் இன்னும் சோதனையில் இருக்கிற மருந்து, உன் தம்பியை வைத்துப் பரீட்சை பார்க்கிறார்கள்" என்று அம்மா காதில் போட்டுவிட்டார். அதிலிருந்து அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

---

மூன்றாம்_ஷிப்ட் · செவ்வாய், அதிகாலை 2.05

அண்ணா, நான் ஒரு லேபில் ஃப்ளோ சைட்டோமெட்ரி மெஷினோடு குடும்பம் நடத்துகிறவன். ரெண்டு ரிப்போர்ட்டும் உண்மை. அளந்த கோல்தான் வேறு.

மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறவர் சில நூறு செல் எண்ணுவார். அதில் பிளாஸ்ட் செல் (முதிராத செல்) 5%-க்குக் கீழே இருந்து, ரத்த எண்ணிக்கையும் ஏறியிருந்தால் ரெமிஷன் என்று எழுதுவார். நோய் தெரியவரும் நாளில் உடம்பில் சுமார் ஒரு லட்சம் கோடி லுகேமியா செல் இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. ரெமிஷன் என்ற பிறகும் ஆயிரம் கோடி வரை ஒளிந்திருக்க இடம் உண்டு. வரப்பில் நின்று பார்த்தால் வயல் சுத்தமாகத்தான் தெரியும். இறங்கி நாற்றை விலக்கினால்தான் களை.

அந்த இறங்கிப் பார்க்கிற வேலைதான் எம்.ஆர்.டி. நாங்கள் செல்களுக்கு நிறமொட்டிய ஆன்டிபாடிகளைப் பூசி, லேசர் முன்னால் ஒவ்வொன்றாக, லட்சக்கணக்கில் ஓட விடுவோம். பத்தாயிரத்தில் ஒன்று கெட்டது இருந்தாலும் பிடிபடும். அதாவது 0.01%. உங்கள் தம்பிக்கு பத்தாயிரத்தில் இருபது. கொஞ்சம் என்று நினைக்காதீர்கள். முதல் கீமோவின் அடி தாங்கி நின்ற இருபது அது. மீண்டும் வருவதென்றால் அங்கிருந்துதான் வரும்.

அடுத்த தடவை மேரோ எடுக்கும்போது முதல் இழுப்பில் வருவதை எம்.ஆர்.டி-க்குத் தரச் சொல்லுங்கள். இரண்டாவது, மூன்றாவது இழுப்பில் வெறும் ரத்தம் கலந்து நீர்த்துவிடும், இருக்கிற நோயும் இல்லாத மாதிரி காட்டும். இன்னொன்று, பிளினா போட்ட பிறகு சோதிக்கும் லேபுக்கு அதை எழுதிச் சொல்ல வேண்டும். நாங்கள் பி-செல்லைத் தேடுவதே சி.டி.19 என்ற அடையாளத்தை வைத்துத்தான். பிளினா குறிவைப்பதும் அதையே. மருந்துக்குத் தப்பிய செல் அந்த அடையாளத்தை உதறிவிட்டுத் திரிந்தால், சி.டி.22, சி.டி.24 வைத்துத் தேடினால்தான் சிக்கும். சொல்லாமல் அனுப்பிய சாம்பிளோடு நான் பட்ட பாடு தனிக்கதை.

---

குட்டி_டாக்டர் · செவ்வாய், காலை 7.40

ஹெமட்டாலஜி படிப்பில் இருக்கிறேன். உங்கள் டாக்டர் சொல்வதற்கு மேல் நான் சொல்வதை வைக்காதீர்கள். ஆனால் மாமாவுக்குப் பதில் சொல்லலாம்.

இந்த மருந்து சாதாரண ஆன்டிபாடி மாதிரி இல்லை. ஆன்டிபாடியின் பிடிக்கும் நுனிகளை மட்டும் வெட்டி எடுத்து இரண்டை ஒட்டியது. ஒரு நுனி டி-செல்லின் (நோயை எதிர்க்கும் வெள்ளணு) சி.டி.3 என்ற அடையாளத்தைப் பிடிக்கும், மறு நுனி பி-செல்லின் சி.டி.19-ஐ. நம் டி-செல்லுக்கு லுகேமியா செல்லை அடையாளம் தெரியாது. இது இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடும், மீதியை டி-செல் பார்த்துக்கொள்ளும். வால் பகுதி இல்லாத சின்ன மூலக்கூறு என்பதால் சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடும். அதனால்தான் 28 நாள் விடாமல் பம்பில் ஏற்றுவது. நாளுக்கு 28 மைக்ரோகிராம். ஒரு சுழற்சி முழுவதற்கும் சேர்த்து 784 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராம்கூட இல்லை. ஒரு அரிசி மணியின் எடையில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே.

இது ஜெர்மனியில் வளர்ந்த மருந்து, மியூனிக்கில் மைக்ரோமெட் என்ற கம்பெனி. 2012-ல் ஆம்ஜென் அதை வாங்கியது. எஞ்சிய நோயைத் துடைக்கலாம் என்ற யோசனையும் அங்கேயே ஆரம்பத்தில் வந்தது. மேக்ஸ் டாப் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வில் 21 பேர்தான். எல்லோரும் உங்கள் தம்பி நிலையில் இருந்தவர்கள், ரெமிஷன் ஆனால் எம்.ஆர்.டி பாசிட்டிவ். கணக்கிட முடிந்த 20 பேரில் 16 பேருக்கு எம்.ஆர்.டி காணாமல் போனது. பிறகு பெரிதாகச் செய்த ஆய்வுக்குப் பெயரே பிளாஸ்ட் (பிளாஸ்ட் செல்லை ஒழிக்க வந்த ஆய்வுக்கு பிளாஸ்ட் என்றே பெயர், வைத்தவருக்குக் குறும்பு). ஃபிராங்க்பர்ட்டின் நிக்கோலா கோக்புகெட் தலைமையில் 116 பேர். கணக்கில் வந்த 113 பேரில் 78% பேருக்கு ஒரே சுழற்சியில் எம்.ஆர்.டி முழுசாகத் துடைக்கப்பட்டது. 2018 மார்ச்சில் அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ இந்த உபயோகத்துக்கு அனுமதி தந்தது. 2019-ல் இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவைக்குள்ளும் வந்தது. மாமா சொல்வது பத்து வருஷத்துக்கு முன்னால் சரியாக இருந்திருக்கும்.

கீமோ இன்னும் இரண்டு ரவுண்டு ஏன் போதாது என்றால், எஞ்சி நிற்பது கீமோவுக்குப் பழகிய கூட்டம். அதையே அதே கோலால் அடிப்பதைவிட வேறு ஆயுதம் எடுப்பது மேல்.

---

சந்தேகப்_பேர்வழி · செவ்வாய், பிற்பகல் 3.15

ஓய்வு பெற்ற புள்ளியியல் வாத்தியார் நான். மருத்துவம் தெரியாது, கணக்கு தெரியும். அண்ணன்காரரைப் பயமுறுத்த எழுதவில்லை. ஆனால் 78% என்ற எண்ணை இவ்வளவு லேசாகக் கையில் கொடுக்கக் கூடாது.

பிளாஸ்ட் ஆய்வில் ஒப்பிட மறு அணி கிடையாது. எல்லோருக்கும் அதே மருந்து. 78% பேருக்கு ஒரு லேப் எண் சரிந்தது, சரி. எண் சரிந்ததும் ஆள் பிழைத்ததும் ஒன்றா? அதே ஆய்வில் மூன்றில் இரண்டு பங்கு ஆட்கள் பிறகு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்கும் போயிருக்கிறார்கள். பிழைத்தவர் பிளினாவால் பிழைத்தாரா, மாற்றால் பிழைத்தாரா? எஃப்.டி.ஏ-வின் ஆலோசனைக் குழுவே ஒருமனதாகத் தலையாட்டவில்லை. 2018 மார்ச் கூட்டத்தில் 8-க்கு 4 என்று ஓட்டு விழுந்தது. நாலு நிபுணர் கை தூக்காத இடத்தில் நாம் எல்லாரும் கை தட்டிக்கொண்டிருக்கிறோம்.

---

குட்டி_டாக்டர் · செவ்வாய், மாலை 6.50

ஐயா, நியாயமான கேள்வி. எம்.ஆர்.டி துடைக்கப்பட்டவர்களின் நடு ஆயுள் (பாதிப் பேர் தாண்டியது) 38.9 மாதம், துடைக்கப்படாதவர்களுக்கு 12.5 மாதம் என்று அதே ஆய்வில் இருக்கிறது.

---

சந்தேகப்_பேர்வழி · செவ்வாய், இரவு 7.10

அது இன்னும் மோசமான வாதம் டாக்டர் தம்பி. மருந்து கேட்டவர் கேட்காதவரைவிட அதிகம் வாழ்ந்தார் என்பதில் மருந்தின் பெருமை எவ்வளவு, அவருக்கு வந்த நோயே சாதுவாக இருந்ததன் பங்கு எவ்வளவு? நன்றாகப் படிக்கிற பையன் டியூஷனுக்கும் போனான், பாஸும் ஆனான். டியூஷன் வாத்தியார் போர்டு மாட்டிக்கொள்கிறார். பிரித்துக் காட்டக் குலுக்கல் முறையில் இரண்டு அணி வேண்டும். அது நடந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

---

மெல்பன்_அம்மா · புதன், அதிகாலை 4.30

குலுக்கல் எண்டு சொன்னபடியால் எழுதுறன். எங்கட மகளுக்கு ஏ.எல்.எல் வரேக்க நாலு வயசு. ஏ.ஏ.எல்.எல்.1731 எண்ட ஆய்வில சேர்த்தனாங்கள். அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து நாலு நாட்டிலயும் நடந்தது. வழமையான கீமோ எல்லாருக்கும் உண்டு. அதுக்கு மேல பிளினா ரெண்டு சுற்று கிடைக்குமோ இல்லையோ எண்டு கொம்பியூட்டர்தான் முடிவெடுக்கும். பேப்பரில கையெழுத்து வைக்கேக்க, பிளினா பக்கம் விழுந்தால் பிள்ளை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மாதம் மருந்துப் பை தூக்கித் திரியவேணும், விழாட்டில் நல்ல மருந்து தவறிப்போகும் எண்டு ரெண்டு பக்கத்துக்கும் அழுதனான். கடைசியில கீமோ மட்டும் எண்ட பக்கம் விழுந்தது. அவர் "கடவுள் விட்ட வழி" எண்டார். நான் ரெண்டு கிழமை அவரோட கதைக்கேல்லை.

2024-ல இடைக்கணக்குப் பார்த்தவை, வித்தியாசம் பெரிசா இருக்கு எண்டு குலுக்கலையே நிப்பாட்டிப்போட்டினம். 1,440 பிள்ளையள். மூண்டு வருசம் நோய் திரும்பாமல் இருந்தவை பிளினா பக்கம் 96%, கீமோ மட்டும் பக்கம் 87.9%. அந்த நியூஸ் வந்த அண்டு மகள் சிகிச்சை எல்லாம் முடிச்சு ரெண்டாம் வகுப்பில இருந்தவள். இப்பவும் நல்லா இருக்கிறாள், 87.9-க்குள்ள இருக்கிறாள். பக்கத்து வார்டில இருந்த பிள்ளை பிளினா பக்கம். எனக்கு இப்பவும் அந்தப் பிள்ளையின்ர அம்மாவோட கதைக்கேக்க ஒரு சின்னப் பொறாமை வரும். பிறகு வெக்கமா இருக்கும்.

தம்பிக்கு அண்ணன், உங்கட மாமாவிட்டச் சொல்லுங்கோ: பரீட்சை பார்த்தது எங்கட பிள்ளையளில. உங்கட தம்பிக்குக் கிடைக்கிறது அந்தப் பரீட்சையின்ர விடை.

---

சந்தேகப்_பேர்வழி · புதன், காலை 9.00

அம்மா, வணங்குகிறேன். உங்கள் மகள் நீடு வாழட்டும். இதைத்தான் கேட்டேன்.

ஆனாலும் அது குழந்தைகள், அதுவும் ஸ்டாண்டர்ட் ரிஸ்க், அதாவது வழக்கமான அளவு ஆபத்து என்ற வகையினர். 34 வயது ஆணுக்கு அப்படியே தூக்கிப் பொருத்த முடியாது.

---

குட்டி_டாக்டர் · புதன், மதியம் 1.25

பெரியவர்களுக்கும் இருக்கிறது ஐயா. அமெரிக்காவில் இகாக்-அக்ரின் என்ற புற்றுநோய் ஆய்வுக் குழு நடத்திய இ1910 ஆய்வு. வயது 30 முதல் 70 வரை, பிலடெல்பியா இல்லாத பி-செல் ஏ.எல்.எல். மார்க் லிட்ஸோ தலைமை. சேர்ந்தவர்கள் 488. அதில் எம்.ஆர்.டி 0.01%-க்குக் கீழே போன 224 பேரைச் சரிபாதியாகப் பிரித்தார்கள், 112 பேருக்கு கீமோவோடு பிளினா, 112 பேருக்கு கீமோ மட்டும். மூன்று வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 85%, 68%. இங்கே அளந்தது லேப் எண் அல்ல, உயிர். 2024-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. அந்த வருஷம் ஜூனில் எஃப்.டி.ஏ எம்.ஆர்.டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தரலாம் என்று அனுமதியை விரித்துவிட்டது.

---

சந்தேகப்_பேர்வழி · புதன், மதியம் 2.40

நில்லுங்கள். 224 பேரும் எம்.ஆர்.டி நெகட்டிவா? இந்தத் தம்பி பாசிட்டிவ் ஆயிற்றே. பாசிட்டிவ் ஆட்களைப் பிரித்துப் பார்த்தது எங்கே?

---

குட்டி_டாக்டர் · புதன், இரவு 10.15

முழுசாகப் பார்க்க முடியவில்லை. முதலில் இரண்டு வகையினரையும் குலுக்கிப் பிரிப்பதாகத்தான் திட்டம். பாதியில் 2018 அனுமதி வந்துவிட்டது. அனுமதி வந்த மருந்தை எம்.ஆர்.டி பாசிட்டிவ் ஆளுக்குத் தராமல் வைத்து ஒப்பிடுவது முறையல்ல என்று, அவர்களை நேராக பிளினா பக்கம் அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருந்த கேள்வி நெகட்டிவ் ஆட்களுக்கு மட்டும்.

உண்மையைச் சொன்னால் எனக்கே இது விசித்திரமாகத்தான் இருக்கிறது. ஏ.எல்.எல்-லில் எஞ்சிய நோயைத் துடைக்கத்தான் இந்த மருந்து முதலில் சோதிக்கப்பட்டது. ஆனால் கறாரான சாட்சி கிடைத்திருப்பது, எஞ்சியது எதுவும் கண்ணுக்குத் தெரியாத ஆட்களிடம். அவர்களிலும் ஏதோ இருந்திருக்கிறது, நம் கருவிக்குத்தான் எட்டவில்லை. இல்லாவிட்டால் 17 புள்ளி வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

---

மூன்றாம்_ஷிப்ட் · வியாழன், அதிகாலை 3.10

என் மெஷினை மட்டம் தட்டியதற்கு நன்றி டாக்டர். ஆனால் சரிதான். "எம்.ஆர்.டி நெகட்டிவ்" என்று ரிப்போர்ட் அடிக்கும்போது நான் சொல்வது "இந்தக் குழாயில், இத்தனை லட்சத்தில், எனக்குக் கிடைக்கவில்லை" என்பது மட்டும்தான். அதற்கும் "இல்லை" என்பதற்கும் நடுவில் நிறைய இடம். இப்போது மரபணு வரிசையைப் படித்துத் தேடும் முறையில் பத்து லட்சத்தில் ஒன்றுவரை போகிறார்கள். அதிலும் இதே கதைதான் வரும்.

---

சந்தேகப்_பேர்வழி · வியாழன், காலை 8.30

ஆக அண்ணன்காரரே, என் நிலைப்பாட்டைத் திருத்திக்கொள்கிறேன். தெரியாத அளவு நோய் இருந்தவர்களுக்கே இத்தனை பலன் என்றால், தெரிகிற அளவு இருக்கும் உங்கள் தம்பிக்குத் தராமல் இருக்கக் காரணம் தேட வேண்டும். நேரடிச் சாட்சி இல்லை, ஊகம்தான். நல்ல ஊகம். நானே அவன் இடத்தில் இருந்தால் கையெழுத்து போடுவேன்.

மருந்துக் கம்பெனிக்கும் எம்.ஆர்.டி என்ற எண் பிடித்துப்போய்விட்டது என்பதையும் சொல்லி வைக்கிறேன். ஐந்து வருஷம் ஆட்களை எண்ணிக்கொண்டிருப்பதைவிட ஆறு வாரத்தில் ஒரு எண்ணைக் காட்டுவது சுலபம். மல்டிபிள் மைலோமா என்ற இன்னொரு ரத்தப் புற்றுநோயில் எம்.ஆர்.டி-யை வைத்தே மருந்துக்கு விரைவு அனுமதி தரலாம் என்று எஃப்.டி.ஏ-வின் ஆலோசனைக் குழு 2024 ஏப்ரலில் 12-க்கு 0 என்று ஓட்டுப் போட்டுவிட்டது. காலம் மிச்சமாகும், நல்லதுதான். ஆனால் எண்ணை மட்டும் சரித்துவிட்டு ஆளைக் காப்பாற்றாத மருந்து ஒன்று அந்த வாசல் வழியே நுழையும் நாளும் வரலாம். கணக்கு வாத்தியார் புலம்பல், விட்டுவிடுங்கள்.

---

பைதூக்கி · வியாழன், மதியம் 12.05

எல்லோரும் படித்தவர்கள். நான் போட்டுக்கொண்டவன். எனக்கு ஏ.எல்.எல், எம்.ஆர்.டி பாசிட்டிவ், பிளினா இரண்டு சுழற்சி, பிறகு அக்காவிடமிருந்து ஸ்டெம் செல் மாற்று. மூன்று வருஷமாகிறது.

அண்ணா, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுழற்சியில் முதல் மூன்று நாள், இரண்டாவதில் முதல் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் பல இடத்தில் அதற்கும் மேலே வைக்கிறார்கள், வீடு தூரமென்றால் அதுவே நல்லது. ஆரம்பிக்கும் முன் டெக்ஸா என்ற ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். எனக்கு முதல் ராத்திரி குளிரும் காய்ச்சலும், 102. டி-செல் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து கத்தினால் வருகிற காய்ச்சல் என்று புரிய வைத்தார்கள். விடிவதற்குள் இறங்கிவிட்டது.

பிளினா போகிற அந்த ஒரு லைனை யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. செலைன் தள்ளினால் குழாயில் நிற்கிற மருந்து மொத்தமாக உள்ளே போய்விடும். புதிதாக வந்த நர்ஸ் ஒருவர் பழக்க தோஷத்தில் சிரிஞ்சோடு வந்தார், என் மனைவி பாய்ந்து கையைப் பிடித்தாள். அன்றிலிருந்து லைனில் சிவப்பு டேப் சுற்றி "தொடாதே" என்று எழுதி ஒட்டிவிட்டோம். பம்ப் நின்றால் உடனே சொல்லுங்கள், நாலு மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனால் திரும்ப டெக்ஸா போட்டு, கவனிப்பில் வைத்து ஆரம்பிக்க வேண்டும். கரன்ட் போகும் வீடு என்றால் பம்ப் சார்ஜைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

குளிப்பது பெரிய பாடு. பை ஒரு தோளில், பம்ப் ஒரு கையில், லைன் நனையாமல் பாலிதீன் சுற்றி, பக்கெட் தண்ணீரில் பாதி உடம்பாகக் குளிப்பேன். தூக்கத்தில் புரண்டால் குழாய் மடிந்து பம்ப் கத்தும். மூன்றாம் வாரத்தில் பம்பு கத்தாமலேயே அந்தச் சத்தம் கேட்டு எழுந்துகொண்டிருந்தேன். கீமோவோடு ஒப்பிட்டால் இதெல்லாம் தூசு. முடி கொட்டவில்லை, வாய்ப்புண் இல்லை, இரண்டாவது வாரம் பிரியாணி சாப்பிட்டேன் (வீட்டில் செய்தது, திட்டாதீர்கள்).

பயப்பட வேண்டியது மூளைப் பக்கம். கை நடுக்கம், வார்த்தை தடுமாறுவது, குழப்பம், சிலருக்கு வலிப்பு. அதைப் பிடிக்கத் தினமும் ஒரே வாக்கியத்தை ஒரு நோட்டில் எழுதச் சொல்வார்கள். எழுத்து கோணினால் டாக்டரைக் கூப்பிடுவார்கள். எனக்கு இரண்டாம் நாள் கை நடுங்கி எழுத்து நண்டு நடந்த மாதிரி ஆனது. மருந்தை நிறுத்தி, டெக்ஸா கொடுத்து, தெளிந்ததும் மறுபடி ஆரம்பித்தார்கள்.

---

குட்டி_டாக்டர் · வியாழன், மதியம் 1.30

பைதூக்கி அண்ணா சொன்னதற்கு ஒரு எண் மட்டும். பிளாஸ்ட் ஆய்வில் கடுமையான நரம்புத் தொந்தரவு மூன்றாம் நிலையில் 10%, நாலாம் நிலையில் 3%. சைட்டோகைன் கொதிப்பு (டி-செல்கள் ஒரேயடியாகக் கிளம்புவதால் வரும் தொந்தரவு) மொத்தமே நாலு பேருக்கு, எல்லாம் முதல் சுழற்சியில். நோய் பொங்கி நிற்கும்போது இதே மருந்தைப் போட்டால் கொதிப்பும் அதிகம், பலனும் குறைவு. நோய் திரும்பி வந்தவர்களிடம் நடந்த டவர் ஆய்வில் 405 பேர். நடு ஆயுள் கீமோவில் 4 மாதம், பிளினாவில் 7.7 மாதம். அதே மருந்து, எதிரி கொஞ்சமாக இருக்கும்போது போட்டால் கதையே வேறாக இருக்கிறது. தம்பிக்கு இப்போதே போடச் சொல்வதன் காரணம் இதுதான்.

முடிந்த பிறகும் சில மாதம் கவனம் வேண்டும். நல்ல பி-செல்லும் சேர்ந்து போய்விடுவதால் இம்யூனோகுளோபுலின் (கிருமியை எதிர்க்கும் புரதம்) குறையும், தொற்று எளிதில் வரும். மெல்பன் அக்கா சொன்ன குழந்தைகள் ஆய்விலும் பிளினா பக்கம் தொற்று கூடுதலாகத் தெரிந்தது.

---

வேப்பமரம் · வியாழன், இரவு 9.45

எல்லாம் சரி, யாரும் காசைப் பற்றிப் பேசவில்லையே? 2014-ல் இந்த மருந்து அமெரிக்காவில் முதலில் வந்தபோது இரண்டு சுழற்சிக்கு 1,78,000 டாலர் என்று பேப்பரில் படித்தேன். அரிசி மணியில் இருபதில் ஒரு பங்கு, வீட்டை விற்றாலும் வராது. இந்த இழையைப் படிக்கிற எத்தனை பேரால் முடியும்? எங்கள் அப்பாவுக்கு எம்.ஆர்.டி சோதனைக்கே கடன் வாங்கினோம். பிளினா என்ற பேச்சையே டாக்டர் எடுக்கவில்லை. எங்கள் சட்டையைப் பார்த்து அளந்துவிட்டார் போல.

---

பைதூக்கி · வியாழன், இரவு 10.20

வேப்பமரம் அண்ணா, அப்பா இப்போது எப்படி?

---

வேப்பமரம் · வியாழன், இரவு 10.26

இல்லை. போன தை மாசம்.

---

பைதூக்கி · வியாழன், இரவு 10.41

மன்னிக்கணும் அண்ணா.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. ஒரு சுழற்சிக்கான மருந்து உதவித் திட்டத்தில் இலவசமாக வந்தது, இன்னொன்றுக்கு என் மனைவியின் நகையும் அக்காவின் பி.எஃப் பணமும். டாக்டர் சொல்லாவிட்டாலும் மருத்துவ சமூகப் பணியாளரை நேரில் போய்ப் பார்த்து "கம்பெனி உதவித் திட்டம் உண்டா" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். எனக்கு அது தற்செயலாக, கேன்டீன் வரிசையில் முன்னால் நின்றவர் சொல்லித் தெரிந்தது. அந்த ஆள் அன்றைக்கு டீ குடிக்க வராமல் இருந்திருந்தால் என்று சில ராத்திரி நினைத்துக்கொள்வேன்.

---

நெறியாளர் · வெள்ளி, காலை 6.00

மருத்துவமனைப் பெயர், டாக்டர் பெயர் எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நன்கொடை கேட்கும் வங்கி எண்களும் வேண்டாம். விவாதம் தொடரட்டும்.

---

சந்தேகப்_பேர்வழி · வெள்ளி, காலை 7.20

தம்பிக்கு அண்ணன், கையெழுத்துக்கு முன் ஒரு வேலை. படிவத்தில் "கிளினிக்கல் ட்ரையல்" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது தனி விவகாரம்: உங்களுக்குப் புரியும் மொழியில் தகவல் தாள் தர வேண்டும், ட்ரையலால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் இந்தியாவின் 2019 மருந்து ஆய்வு விதிகளின்படி உங்கள் உரிமை, ஆய்வு அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். வெறும் சிகிச்சைப் படிவம் என்றால் மாமாவை அடக்கி உட்கார வையுங்கள்.

---

தம்பிக்கு_அண்ணன் · ஞாயிறு, இரவு 9.30

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும், இப்போது முடியவில்லை. படிவம் பார்த்தேன், ட்ரையல் இல்லை, சாதாரண சிகிச்சைதான். பைதூக்கி சொன்ன மாதிரி சமூகப் பணியாளர் அறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். முதல் சுழற்சிக்கு வழி பிறந்திருக்கிறது. வேப்பமரம் அண்ணா, உங்களுக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறேன்.

அம்மாவிடம் மெல்பன் அக்கா எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அந்தப் புள்ள நல்லாருக்காளா" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு ரசம் சோறு சாப்பிட்டாள்.

---

தம்பிக்கு_அண்ணன் · பத்து நாள் கழித்து, புதன், மாலை 5.15

இன்று ஏழாம் நாள். முதல் ராத்திரி காய்ச்சல் வந்து போனது. லைனில் சிவப்பு டேப் சுற்றியாயிற்று. 29-ஆம் நாள் மேரோ, முதல் இழுப்பு எம்.ஆர்.டி-க்கு என்று கேஸ் ஷீட்டிலேயே எழுத வைத்துவிட்டேன் மூன்றாம்_ஷிப்ட், பிளினா போட்டது என்றும் லேபுக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று ஒரு கூத்து. தம்பி தினமும் எழுதும் நோட்டைப் பார்க்கிற சிஸ்டர் கேரளாக்காரர், தமிழ் படிக்கத் தெரியாது, எழுத்தின் வடிவத்தை முந்தைய நாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். நேற்றுக் காலை நோட்டைப் பார்த்தவர் முகம் மாறி, டாக்டருக்கு ஃபோன் போட்டு, டாக்டர் ஓடிவந்து, அவன் கண்ணில் டார்ச் அடித்து, விரலை எண்ணச் சொல்லி, பிரதமர் பெயர் கேட்டு, பம்பை நிறுத்தலாமா என்று பேச்சு வந்துவிட்டது. நான் வாசலில் நடுங்கிக்கொண்டு நிற்கிறேன்.

---

பைதூக்கி · புதன், மாலை 5.22

ஐயோ. அப்புறம்? நடுக்கமா?

---

தம்பிக்கு_அண்ணன் · புதன், மாலை 5.40

நடுக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஐந்து நாளாக அவன் எழுதிக்கொண்டிருந்தது "இன்று மழை வரும் போலிருக்கிறது". நேற்று விடியற்காலையில் நிஜமாகவே மழை கொட்டியது. அதனால் "மழை வந்துவிட்டது" என்று மாற்றி எழுதியிருக்கிறான். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார், பிறகு திட்டினார். இனி வெயில் அடித்தாலும் பழைய வாக்கியம்தான் எழுத வேண்டுமாம்.